ஒட்டு தெரியத்தான் செய்யும்

அந்த வீட்டில் ஒருவரைத் திட்டுவதற்கு வெளியிலிருந்து கெட்ட வார்த்தை கொண்டுவர வேண்டிய அவசியமே இருந்ததில்லை. ‘ஒட்டு’ என்ற ஒரு சொல் போதும். சமையல் தீய்ந்தால் ஒட்டுச் சமையல். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத ஆள் ஒட்டு ஆள். பரீட்சையில் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதித் தேறினால் ஒட்டுப் பாஸ். அது வெண்கலம் வார்க்கிறவர்கள் வீடு. வார்ப்புக்காரனுக்கு இதைவிடக் கேவலமான சொல் கிடையாது.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முதலில் தேன்மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் களிமண் பூசிக் காயவைத்துச் சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே மிஞ்சுகிற வெற்றிடத்தில் உருக்கிய வெண்கலத்தை ஊற்ற வேண்டும். உச்சந்தலையிலிருந்து கால் நகம் வரை ஒரே ஊற்றில் வந்தாக வேண்டும். எங்கேயாவது காற்று அடைத்துக்கொண்டு ஒரு விரலோ காது மடலோ வராமல் போனால், யோக்கியமான வார்ப்புக்காரன் முழுச் சிலையையும் உடைத்து மறுபடி உலையில் போடுவான். மற்றவன் அந்த விரலை மட்டும் தனியாக வார்த்து ஒட்டி, அரத்தால் ராவி, சாயம் ஏற்றி விற்றுவிடுவான். வாங்க வருகிறவர்கள் சிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நகத்தால் சுரண்டிக் கேட்கும் முதல் கேள்வியே ‘ஒட்டு இருக்கா?’ என்பதுதான்.

இப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கு ‘ஒட்டுக்காரி’ என்று பேர் வந்ததென்றால் சும்மா வருமா? வைத்தவர் கூடப் பிறந்த அண்ணன். வைத்த அன்று அவளுக்கு வயது பத்தொன்பது.

அதுவரை அவள் பட்டறையில் மெழுகு வேலை செய்துகொண்டிருந்தாள். கண் இமை, உதட்டின் ஓரம், நகக்கண் போன்ற பொடி வேலையெல்லாம் அவளிடம்தான் வரும். உலைப் பக்கம் மட்டும் வரக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். ஏன் என்று கேட்டால், சூடு என்பார். அடுப்படியில் இருப்பது என்ன பனிக்கட்டியா என்று அவள் கேட்டாள். அப்பா இருமிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த வருஷம்தான் ஊர் எல்லையில் இருந்த பாய்லர் தொழிற்சாலையில் பெண்களையும் வெல்டிங் பயிற்சிக்கு எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டாள். கடிதம் வீட்டுக்கு வந்தபோது அண்ணன்தான் வாங்கிப் பிரித்தார்.

“இந்தப் பட்டறையில பொறந்துட்டு ஒட்டுப் போடப் போறியா நீ? நாலு பேர் கேட்டா என்ன சொல்றது? ஒட்டுக்காரி!”

“அப்படியே சொல்லு. எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல,” என்றாள்.

அம்மாவுக்குக் குலப்பெருமை பற்றியெல்லாம் கவலை இல்லை. பெண்ணின் கண் போய்விடுமே என்றுதான் கவலை. முதல் ஒரு மாதம் அவள் வேலை முடிந்து வந்ததும் வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, இமையை விரித்து, “இது எத்தனை விரல்?” என்று கேட்டுச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

பாய்லர் தொழிற்சாலையில் நியாயம் தலைகீழாக இருந்தது. அங்கே தகட்டை யாரும் சட்டை செய்வதில்லை. எல்லோருடைய கண்ணும் ஒட்டின் மேல்தான். நீராவி உள்ளேயிருந்து முட்டும்போது பிளந்தால் ஒட்டுத்தான் முதலில் பிளக்கும், பிளந்தால் ஆள் சாவான். அதனால் ஒவ்வொரு ஒட்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். தேறினால், ஒட்டுப் போட்டவர் தன் எண்ணை எஃகு பன்ச்சால் அதன் பக்கத்திலேயே அடிக்க வேண்டும். இருபது வருஷம் கழித்து எங்கேயோ ஒரு மூலையில் அது கசிந்தாலும், எண்ணைப் பார்த்து இது இன்னார் கை என்று சொல்லிவிடலாம். அவள் எண் முப்பத்தொன்று.

முதல் ஒட்டுத் தேறிய அன்று அவள் பன்ச்சை வைத்து அடித்த அடியில் கொட்டகையே திரும்பிப் பார்த்தது. “ஏம்மா, பேர் பதிக்கச் சொன்னேன், பாய்லரை உடைக்கச் சொல்லல,” என்றார் சூப்பர்வைசர்.

அவளுக்கு அந்தச் சந்தோஷம் புதிது. பட்டறையில் அவள் செய்த ஆயிரம் கண்ணிமைகளில் ஒன்றின்கீழும் அவள் பேர் கிடையாது. ஒரு வீட்டில் மறைக்க வேண்டிய பொருள், இன்னொரு வீட்டில் கையெழுத்துப் போட வேண்டிய பொருளாக இருக்கிறது. எது சரி என்று ரொம்ப நாள் யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் கட்சி மாறியிருந்தாள்.

பதினான்கு வருஷம் அங்கே ஓடியது. அங்கேயே லேத்தில் வேலை செய்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அதிகம் பேசாதவர், பேசினால் சிரிக்க வைப்பவர். பிறகு தொழிற்சாலையில் அவள் பிரிவை மூடினார்கள். அவள் டயர்க் கடைக்குப் பின்னால் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, ஓர் ஆர்கான் வெல்டிங் மிஷினோடு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி, பால் தொட்டி, மாடிப்படிக் கைப்பிடி என்று எது வந்தாலும் செய்தாள்.

ஒரு நாள் பழைய தொட்டியிலிருந்து வெட்டிப்போட்ட எவர்சில்வர் தகடு ஒன்று சுவரில் சாய்ந்து கிடந்தது. குனிந்து எதையோ எடுக்கிற பெண்ணின் முதுகு அப்படியே அதன் வளைவில் இருந்தது. மூன்று நாள் அதைத் தாண்டித் தாண்டிப் போனாள். நான்காம் நாள் தேன்மெழுகு வாங்கி வந்தாள். பதினாறு வருஷம் கழித்து விரல் மெழுகில் பட்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே ஒரு முகம் செய்து முடித்து, ஈரத்துணியில் சுற்றி அண்ணன் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். அப்பா அப்போது இல்லை. பட்டறை அண்ணன் கைக்கு வந்திருந்தது.

அண்ணன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். மருந்துக்கும் கிடைக்கவில்லை.

“வார்த்துத் தரேன். என்ன பண்ணப்போற இதை?”

“முகம் வெண்கலம். உடம்பு எவர்சில்வர் தகடு.”

“ரெண்டுக்கும் நடுவுல?”

“ஒட்டு.”

அண்ணன் முகத்தைத் துணியிலேயே சுற்றி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் பேச்சில்லை. ஆனால் எட்டாம் நாள் முகம் வெண்கலத்தில் வந்து சேர்ந்தது. நல்ல மெழுகைக் கண்டால் வார்க்காமல் இருக்க அந்த மனிதரால் முடியாது. அது அவருடைய பலவீனம். அதைப் பிடித்துக்கொண்டு அவள் ஏழு வருஷத்தில் இருபத்திரண்டு முகங்களை வார்த்து வாங்கிவிட்டாள்.

அவள் சிலைகளைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஒட்டுத்தான். பழுப்பு வெண்கலம் ஒரு பக்கம், வெள்ளைத் தகடு ஒரு பக்கம், நடுவில் சின்னக் காசுகளை வரிசையாகச் சாய்த்து அடுக்கியது போல ஒரு பொன்னிறக் கோடு. கழுத்தைச் சுற்றி, மணிக்கட்டைச் சுற்றி, கணுக்காலைச் சுற்றி அது ஓடும். அதன் ஓரத்தில் பொடியாக முப்பத்தொன்று. வார்ப்புக்காரர்கள் பார்த்துவிட்டு ‘ஒட்டு வேலை’ என்று காறித் துப்பாத குறையாகப் போனார்கள். சிற்பக் கண்காட்சி நடத்துகிறவர்கள் பார்த்துவிட்டு, ‘இது கேட், கிரில் செய்கிற ஆள் வேலை’ என்றார்கள். இரண்டு பக்கமும் கதவைச் சாத்தினால் என்ன? அவள் ஷெட்டுக்குக் கதவே கிடையாது, ஷட்டர்தான். காலையில் அதைத் தூக்கிவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள்.

நாற்பத்து மூன்றாவது வயதில் குடிநீர் வாரியத்திலிருந்து ஆள் வந்தது. புது நீரேற்று நிலையம் கட்டியிருந்தார்கள். அதன் முன்னால், நாலு சாலை சேருகிற இடத்தில், வால்வுச் சக்கரத்தைத் திருகித் திறக்கிற ஒரு தொழிலாளிப் பெண்ணின் சிலை வேண்டும். ஏழரை அடி உயரம். வாரியத்தின் தலைமைப் பொறியாளர் ஆஸ்பத்திரி வாசலில் அவள் செய்த சிலையைப் பார்த்திருக்கிறார். தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஐந்து மாதம் வேலை. முகம், கைகள், பாதங்கள் அண்ணன் பட்டறையில் வார்த்தது. உடம்பும் உடுப்பும் தகடு. முதுகு மட்டும் ஒரே தகட்டில் வளைத்தது, மற்றபடி முன்பக்கம் முழுக்க ஒட்டு. மொத்தம் பதினான்கு. சக்கரத்தை வீட்டுக்காரர் லேத்தில் கடைந்து கொடுத்தார். திறப்பு விழாக் கல்வெட்டில் யார் யார் பேரோ இருந்தது. வாரியத் தலைவர், உறுப்பினர்கள், ஒப்பந்தக்காரர் என்று எல்லோரும் இருந்தார்கள், செய்தவள் மட்டும் இல்லை. “நீ கவலைப்படாதே, உன் பேர் பதினாலு இடத்துல இருக்கு,” என்றார் வீட்டுக்காரர். உண்மைதான். அந்த ஒட்டுகள்தான் அவளுக்குக் கையெழுத்து. அவை தெரிய அந்தச் சிலை நிற்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, அடித்தளத்துக்குக் கான்கிரீட் போடுவதை மேற்பார்வை பார்க்க அவள் காலையிலேயே போய்விட்டாள். மதியம் மூன்று மணிக்குத் திரும்பினால், ஷெட்டுக்குள்ளிருந்து கிரைண்டர் சத்தம்.

அண்ணன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, தலையெல்லாம் உலோகத்தூளாக, கையில் கிரைண்டரோடு சிலையின் இடுப்பருகே குந்தியிருந்தார். அவளைப் பார்த்ததும் மிஷினை அணைத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார்.

“வந்துட்டியா? இன்னும் மூணுதான் பாக்கி. விழா கிட்ட வந்துடுச்சு, நீயோ ஒண்டி ஆளு, ராவி முடிக்காமலே கெடக்கேன்னு நானே எடுத்துட்டேன். பாரு, எங்கயாச்சும் ஒட்டுத் தெரியுதா? தடவிப் பாரு!”

அவள் தடவிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தில் விரலை வைத்தால் வெண்கலம் எங்கே முடிகிறது, தகடு எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. கண்ணாடியாக வழுக்கியது. முப்பத்தொன்று இருந்த இடத்தில் அவள் முகம்தான் மங்கலாகத் தெரிந்தது. மார்பு, தோள், முழங்கை, இரண்டு மணிக்கட்டு என்று பதினொரு ஒட்டுகள் போயிருந்தன.

வார்ப்புப் பட்டறைக்காரர் ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அவர் பட்டறையிலிருந்து கோடு தெரிய எந்தச் சிலையும் வெளியே போனதில்லை. ஏழு வருஷமாக அவள் ஒட்டைத் தெரியவிடுவதை அவர் திமிர் என்று நினைக்கவில்லை, நேரமில்லாமல் விட்ட குறைவேலை என்றுதான் நினைத்திருக்கிறார். பாவம், தங்கைக்கு உதவியாக இருக்கட்டும் என்று காலையிலிருந்து சாப்பிடாமல் ராவியிருக்கிறார். அவர் மேல் கோபப்படவாவது முடிந்தால் தேவலையே என்று இருந்தது அவளுக்கு. அதைவிட வயிற்றெரிச்சல் இன்னொன்று. சிலை அழகாக இருந்தது. நிஜமாகவே அழகாக இருந்தது.

கவிழ்த்து வைத்த டிரம்மின் மேல் உட்கார்ந்தாள். “அண்ணா, இது முடிஞ்சுபோன வேலை. பாக்கி வேலை இல்ல.”

“முடிஞ்ச வேலையா? கோடு கோடா, வீங்கி வீங்கி நிக்குது!”

“நிக்கட்டும்னுதான் விட்டேன்.”

“எதுக்கு?”

“நான் போட்டது தெரியறதுக்கு.”

அண்ணனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. மூக்கிலிருந்த துணியை அவிழ்த்து மடித்தார், மறுபடி பிரித்தார். “ஒட்டைப் போட்டுட்டு அதைக் காட்டுவாங்களா யாராவது?” என்று மெதுவாகக் கேட்டார். திட்டவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

நேரம் பார்த்து வந்தார் தலைமைப் பொறியாளர். கூட இரண்டு அதிகாரிகள். இறுதிப் பார்வைக்கு அன்றைக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். சிலையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “அடடா! போன தடவை பார்த்தப்ப தையல் போட்ட மாதிரி இருந்துச்சே, எனக்குத் தூக்கமே வரல. இப்பத்தான் சிலை மாதிரி இருக்கு. யாரு பாலிஷ் போட்டது?”

அண்ணன் தங்கையைப் பார்த்தார்.

“எங்கண்ணன் சார். நல்லாத்தான் பண்ணியிருக்கார். ஆனா திரும்ப ஒட்டுப் போடப்போறேன்,” என்றாள் அவள்.

“எதுக்கும்மா?”

அவள் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு சிவப்புச் சாய டப்பாவை எடுத்தாள். பாய்லர் வேலையில் விரிசல் பார்க்கிற சாயம். பளபளத்த பதினொரு இடத்திலும் அடித்தாள். கால் மணி நேரம் காத்திருந்து, ஒரு பொட்டுச் சிவப்பு இல்லாமல் துடைத்தாள். பிறகு அதன்மேல் வெள்ளைப் பொடியைத் தூவினாள். பத்து இடம் வெள்ளையாகவே நின்றது. சக்கரத்தைப் பிடித்திருந்த வலது மணிக்கட்டில் மட்டும், வெள்ளைக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கோடு மெல்லக் கசிந்து வளையல் மாதிரி சுற்றி வந்தது.

அண்ணன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “நான் ஆழமா ராவிட்டேனா?”

“அந்த மேடுதான் அண்ணா பலம். அது இல்லாட்டி கை கழண்டுடும்.”

பொறியாளருக்கு இது விளங்கியது. என்ன இருந்தாலும் பொறியாளர். “சரி, அந்தக் கையை மட்டும் சரி பண்ணுங்க. மத்த பத்தும் நல்லாத்தானே இருக்கு? அதைத் தொடாதீங்க.”

இங்கே வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். மணிக்கட்டைச் சாக்காக வைத்து மற்றதையும் போட்டுவிட்டு, பிறகு சமாளித்திருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் அவளுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டதும் அவள் சாய டப்பாவை ணங்கென்று கீழே வைத்தாள்.

“பதினொண்ணும் போடுவேன் சார். விரிசல் இல்லாட்டியும் போட்டிருப்பேன்.”

“ஏம்மா, அடம் பிடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? ஒப்பந்தத்துல ‘நேர்த்தியாக முடித்துத் தர வேண்டும்’னு இருக்கு.”

“இதுதான் சார் நேர்த்தி. உங்க நிலையத்துக்குள்ள போய்ப் பாருங்க. ரெண்டாள் உயரக் குழாய் ஓடுது. ஒட்டு ஒட்டாத்தான் ஓடுது. அதுக்கு யாராவது பாலிஷ் போட்டு மறைச்சிருக்காங்களா? தண்ணி வரதே அந்த ஒட்டுல. அதைத் திறக்கிற பொம்பளைக்கு மட்டும் ஒட்டு இருக்கக் கூடாதா?”

“அது குழாய், இது கலைம்மா.”

“எனக்கு ரெண்டும் ஒரே கைதான் சார்.”

அதிகாரிகளில் ஒருவர் சிரித்துவிட்டு, பொறியாளர் முகத்தைப் பார்த்து அதை இருமலாக மாற்றிக்கொண்டார். பொறியாளர் விறுவிறுவென்று வெளியே போனார். கார் கதவை அவர் சாத்திய சத்தம் டயர்க் கடை வரை கேட்டது.

மறுநாள் காலை அவள் ஷட்டரைத் தூக்கும்போது அண்ணன் வாசலில் நின்றிருந்தார். கையில் அவருடைய பட்டறை பர்னர். வெண்கலத்தைச் சூடாக்காமல் ஒட்டுப் போட்டால் பிடிக்காது, கூடச் சூடாக்கினால் முகம் கோணிப்போகும். அந்தப் பதம் அவருக்குக் கைவந்த கலை. தண்ணீரைச் சொட்டவிட்டு, அது உருளுகிற விதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

“தப்பு என்னோடது. அதனால சூடு பிடிச்சுத் தரேன்,” என்றார். “ஆனா அசிங்கமாத்தான் இருக்கு. அதையும் சொல்லிட்டேன்.”

“சொல்லிக்கோ. பர்னரை மட்டும் ஆட்டாம பிடி.”

ஒன்பது நாள். அவர் சூடு பிடிக்க, அவள் முகமூடியை இறக்கிக்கொண்டு பொன்னிறக் கம்பியை உருக்கி ஒட்டுப் போட்டாள். இரண்டு பேரும் ஏட்டிக்குப் போட்டியாகப் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். ஒவ்வொரு ஒட்டு முடியும்போதும் அவர் “அசிங்கம்” என்பார். அவள் பன்ச்சை வைத்து முப்பத்தொன்றை ஓங்கி அடிப்பாள். பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டபோது வீட்டுக்காரர், “லேத்துல சுத்துறது மட்டும்தான் எனக்குத் தெரியும், உங்க சண்டையில என்னைச் சுத்த விடாதீங்க,” என்று டீயை வைத்துவிட்டு நழுவினார். அண்ணன் கடைசி வரை மனம் மாறவில்லை. மணிக்கட்டைப் போட்டு முடித்ததும் சாயத்தை அவரே வாங்கி அடித்தார், அவரே துடைத்தார், அவரே பொடி தூவினார். சிவப்பு வரவில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, “அசிங்கம்தான். ஆனா கெட்டியா இருக்கு,” என்றார்.

விழாவுக்கு முந்தின நாள் காலை சிலை லாரியில் ஏறியது. நிலைய வாசலில் கிரேன் தயாராக நின்றது. பன்னிரண்டு மணிக்கு அது வேறு வேலைக்குப் போயாக வேண்டும் என்று ஓட்டுநர் முதலிலேயே சொல்லிவிட்டார். தலைமைப் பொறியாளரும் வந்திருந்தார். ஆச்சரியம், முகத்தில் கோபமே இல்லை. சிலையைப் பார்த்தார், பதினான்கு ஒட்டையும் பார்த்தார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

“ஒரே ஒரு சின்ன மாற்றம்மா,” என்றார். “ரோட்டைப் பார்த்து நின்னா என்ன வேலை செய்யறா? வேலைக்காரி நிலையத்தைப் பார்த்துத்தானே நிக்கணும்? அப்படியே திருப்பி வெச்சுடுங்க.”

திருப்பினால் சாலைக்குத் தெரிவது முதுகு. சிலையில் ஒட்டே இல்லாத ஒரே இடம் அது. முகமும் கையும் பதினான்கு ஒட்டும் நிலையத்தின் சுவரைப் பார்த்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான். சொல்வதற்கு அவர் கண்டுபிடித்த காரணமும் கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் படும்.

அண்ணனுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. “அதெப்படிங்க…” என்று ஒரு அடி முன்னால் வைத்தார். அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“சரி சார். திருப்பியே வைக்கச் சொல்லுங்க,” என்றாள்.

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அத்தனை சண்டை போட்டவள், பத்து நாள் தூங்காமல் கிடந்தவள், கடைசியில் இப்படிக் கைகட்டி நிற்கிறாளே என்று அவருக்கு ஆறவில்லை.

கிரேன் சிலையைத் தூக்கியது. காற்றில் மெல்லத் திரும்பி, சாலைக்கு முதுகைக் காட்டியபடி அடித்தளத்துக்கு மேல் வந்து நின்றது. கான்கிரீட்டிலிருந்து ஆறு போல்ட்டுகள் மேல் நோக்கி நின்றன. பீடத் தகட்டில் ஆறு துளைகள். இறக்கினார்கள். நான்கு போல்ட்டுகள் துளைக்குள் நுழைந்தன, இரண்டு முட்டிக்கொண்டு நின்றன. தூக்கி, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி இறக்கினார்கள். மறுபடியும் இரண்டு முட்டின. நாலு பேர் கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்தார்கள். சிலை அசைந்து கொடுக்கவில்லை.

“என்னம்மா இது? அளவு தப்பா?” என்றார் பொறியாளர்.

“இல்ல சார், சரியாத்தான் இருக்கு. ஒரு போல்ட்டை ரெண்டு விரக்கடை தள்ளி வெச்சிருக்கேன். பாய்லர் மூடிக்கெல்லாம் அப்படித்தான் வைப்போம். தப்பா மாட்ட முடியற மூடியை என்னைக்காவது ஒரு நாள் யாராவது தப்பா மாட்டிடுவாங்க சார். அதனால ஒரே பக்கமாத்தான் உக்காரும்.”

பொறியாளர் போல்ட்டைப் பார்த்தார், துளையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே கால். “புதுசா ரெண்டு துளை போட முடியாதா?”

“தாராளமா போடலாம் சார். ஆனா புதுத் துளை பழைய துளை மேல பாதி ஏறும். முதல்ல பழசை அடைச்சாகணும். இரும்புல துளையை அடைக்கிறதுன்னா…”

அவள் முடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணன், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், அடக்க ஒடுக்கமாக முடித்து வைத்தார்.

“ஒட்டுத்தாங்க போடணும்.”

கடப்பாரையோடு நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பொறியாளர் நிலையத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேலே கூண்டிலிருந்து கிரேன் ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். பொறியாளரைக் கேட்கவில்லை, அவளைத்தான் கேட்டார்.

“அக்கா, எந்தப் பக்கமா இறக்கட்டும்?”

“இறங்குற பக்கமா இறக்குங்க,” என்றாள் ஒட்டுக்காரி.